பாடகனும் பண்டமும்

1956ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஸ்டீவ் அலன் நடத்திய நிகழ்ச்சியொன்றில் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் தோன்றினார். செல்வர் விருந்துக்குச் செல்பவர்போல வால்வைத்த கரிய அங்கியும் வெண்கழுத்துப்பட்டியும் அணிந்து நின்று, பீடமொன்றில் இருத்தப்பட்ட நாயை நோக்கிப் பாடினார். நாயின் தலையிலும் ஒரு சிறு தொப்பி. பார்த்திருந்தோர் சிரித்தனர். பாடியவர் எல்விஸ் பிறெஸ்லி. பாட்டு 'ஹவுண்ட் டோக்'.

பாட்டின் வரலாற்றை அறிந்தவருக்கு அந்தச் சிரிப்பு எளிதில் வராது. 1952இல் இதனை முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியவர் 'பிக் மாமா' என அழைக்கப்பெற்ற வில்லி மே தோர்ன்ரன் என்னும் கறுப்பினப் பெண். எழுதியவர்கள் லீபர், ஸ்ரோலர் என்னும் இரு வெள்ளை இளைஞர். தானாக உழைக்காது பெண்ணொருத்தியின் உழைப்பில் ஒட்டிவாழ வரும் ஆடவனை அவள் வாசலில் நிறுத்தி ஏசி அனுப்புவதே பாட்டின் பொருள். நாய் அங்கு வெறும் உருவகம். கைமாறிக் கைமாறிப் பிறெஸ்லியிடம் வந்து சேர்ந்தபோது அந்த ஆடவன் மறைந்தான். பெண்ணின் சினமும் மறைந்தது. தொலைக்காட்சியோ இன்னும் ஒருபடி மேலே சென்று, உருவகத்தையும் அகற்றி உண்மையான நாயையே கொண்டுவந்து இருத்திவிட்டது! மக்களின் கலை சந்தைப் பண்டமாகும்போது முதலில் எதை இழக்கிறது என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பிறெஸ்லியைப் பற்றி எம்மிடையே இருவகை அபிப்பிராயங்கள் உள. கறுப்பு மக்களின் இசையைக் களவாடி அரசனாக முடிசூடியவர் என்பது ஒன்று. இளைஞரை மயக்க ஏகாதிபத்தியம் அனுப்பிய போதைப் பொருள் என்பது மற்றையது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடத்திலேயே அதனை முடித்துக்கொள்கின்றன. முதலாவது குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். 1954 யூலையில் மெம்பிஸ் நகரின் சன் நிறுவனத்தில் அவர் பதிந்த முதல் இசைத்தட்டின் பாட்டை ஆக்கியவர் ஆர்தர் குறுடப் என்னும் கறுப்பினத் தொழிலாளி. தமக்குரிய உரிமைப் பணத்தைக் காணாமலேயே 1974இல் குறுடப் இறந்தார். தோர்ன்ரனோ 'ஹவுண்ட் டோக்'குக்காகத் தமக்குக் கிடைத்தது ஐந்நூறு டொலர் காசோலை ஒன்றே என்று கூறியவர். சுரண்டல் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதியவர்கள் யார்? லொறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் அல்லன்.

பிறெஸ்லி பிறந்தது 1935இல், மிசிசிப்பி மாநிலத்தின் டுப்பெலோவில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில். தந்தை சிறுதொகைக் காசோலையொன்றில் மோசடி செய்ததற்காக 1938இல் பார்ச்மன் சிறைப்பண்ணைக்கு அனுப்பப்பட்டார். 1948இல் மெம்பிசுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் பின்னர் ஏழைகளுக்கென அரசு கட்டிய தொடர்மாடியொன்றில் வாழ்ந்தது. அவர் குரலில் கலந்த கறுப்பு மக்களின் புளூஸ், வெள்ளை ஏழைகளின் நாட்டார் பாடல், இரு சாராரின் தேவாலயப் பாட்டு ஆகியவை நூலகத்திற் கற்றவையல்ல; அண்டை வீடுகளிலும் வானொலியிலும் கேட்டு உடம்பில் ஊறியவை. சட்டம் பிரித்துவைத்த இரண்டு மக்கட் கூட்டங்கள் ஒரு குரலில் சந்தித்தன. இதுவே அவரது கலையின் உயிர். இதுவே அவர் அஞ்சப்பட்டமைக்குக் காரணமும் ஆகும்.

அக்காலச் சூழலை மறத்தலாகாது. மொன்ற்கோமரி நகரிற் கறுப்பு மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்துகொண்டிருந்த ஆண்டு 1956. அதே ஆண்டு ஏப்ரலில், அதே அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹம் நகரில் பாடிக்கொண்டிருந்த நாற் கிங் கோலை வெள்ளையர் சிலர் மேடையிலேயே தாக்கினர். அவர்கள் றொக் இசையை 'நீக்ரோ இசை' எனத் தடைசெய்யக் கோரிய இனவெறி இயக்கத்தைச் சேர்ந்தோர். யூன் 5ஆந் திகதி மில்ரன் பேர்ள் நிகழ்ச்சியில் பிறெஸ்லி இடுப்பை அசைத்துப் பாடியபோது பத்திரிகைகளும் மதகுருமாரும் எழுப்பிய கூச்சலில் 'ஒழுக்கம்' என்ற சொல் அடிக்கடி வந்தது. அச்சொல்லின் உள்ளே நிறவெறி ஒளிந்திருந்தது. அதற்குரிய தண்டனையாகவே நாலு வாரங்களின் பின் வால் அங்கியும் நாயும் வந்தன.

பணம் வேறு கணக்குப் பார்த்தது. பிறெஸ்லியைத் தம் நிகழ்ச்சியில் அனுமதியேன் என்றிருந்த எட் சலிவன், போட்டி நிகழ்ச்சியின் வெற்றியைக் கண்டு மூன்று தோற்றங்களுக்கு 50,000 டொலர் கொடுக்க உடன்பட்டார். செப்டெம்பர் 9ஆந் திகதி நிகழ்ச்சியை ஏறக்குறைய ஆறு கோடி மக்கள் பார்த்தனர். 1957 ஜனவரி 6ஆந் திகதி நடந்த மூன்றாவது தோற்றத்தில் கமராவுக்கு ஓர் ஆணை பிறந்தது: இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுக. அன்று அவர் தேவாலயப் பாடலொன்றும் பாடினார். இறுதியிற் சலிவன் அவரை ஒழுக்கமுள்ள நல்ல பையன் என நாட்டுக்கு அறிமுகஞ் செய்துவைத்தார். ஒழுக்கம் எந்த விளிம்பில் வெட்டப்பட்டால் விற்பனைக்குத் தடை வராது என்பதைத் தொலைக்காட்சி கண்டுபிடித்துவிட்டது.

சினிமா இதே கத்தரிக்கோலைப் பெரிதாகத் தீட்டிக்கொண்டது எனலாம். ஆனால் உடனடியாக அல்ல. பிறெஸ்லி நடிகனாக விரும்பியவர். ஜேம்ஸ் டீனின் வசனங்களை மனனஞ் செய்தவர். முதற் படமான 'லவ் மி ரெண்டர்' (1956) பாட்டில்லாத படமாகவே திட்டமிடப்பட்டது. பாட்டுகள் பின்னர் செருகப்பட்டன. கதையில் அவர் இறப்பதை இரசிகைகள் பொறுக்கமாட்டார்கள் என்று அஞ்சி, இறுதியில் ஆவிபோலத் தோன்றிப் பாடவும் வைத்தனர். இதைப்பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

'ஜெயில்ஹவுஸ் றொக்' (1957) அப்படியன்று. கட்டடத் தொழிலாளி ஒருவன் மதுச்சாலைச் சண்டையில் ஒருவனைக் கொன்று சிறை செல்கிறான். அங்கே பாடக் கற்கிறான். வெளியே வந்து புகழும் ஆணவமும் பெறுகிறான். இசைக் கம்பனி அவன் பாடும் முறையைத் திருடுகிறது; அவன் சொந்தக் கம்பனி தொடங்குகிறான். கதை முரடானது, ஆனால் பொய்யானதன்று. சிறை சென்ற தந்தையின் மகன் அச்சட்டையை அணிந்து நிற்கையில் அவர் முகத்தில் உள்ள வெறுப்பு நடிப்புப் பள்ளியில் கற்றதாகத் தெரியவில்லை. படத்தில் ஒரு காட்சி கவனிக்கத்தக்கது. சிறைத்தோழன் ஒருவன், வருமானத்திற் சரிபாதி தனக்கென ஓர் ஒப்பந்தத்தில் நாயகனைக் கையொப்பமிட வைக்கிறான். பத்தாண்டு கழித்து, 1967இல், பிறெஸ்லியின் முகாமையாளர் 'கேணல்' டொம் பார்க்கர் அதே சரிபாதியை உண்மை வாழ்க்கையிற் பெற்றுக்கொண்டார். திரையில் அந்த ஒப்பந்தம் செல்லாதென்று ஆகிறது. வாழ்க்கையில் அது செல்லுபடியானது.

அவரது படங்களுள் தலைசிறந்தது 'கிங் கிரியோல்' (1958). 'கசபிளாங்கா'வை இயக்கிய மைக்கல் கேர்ற்றிஸ் இதன் இயக்குநர். வேலையிழந்து குன்றிப்போன தந்தை, பாடசாலைக்குப் போகுமுன் இரவுவிடுதியைக் கூட்டித் துடைக்கும் மகன், அவனது குரலை விலைக்கு வாங்க வரும் கொள்ளையன் ஆகியோரே பாத்திரங்கள். தந்தை அவமதிக்கப்படுவதைப் பார்த்து மகன் கூசும் இடங்களில் பிறெஸ்லி எதுவுஞ் செய்யாமல் நிற்கிறார், அதுவே போதுமாயிருக்கிறது. தொடக்கக் காட்சியில், நியூ ஓர்லியன்ஸ் தெருவில் விடியற்காலை கூவி விற்கும் கறுப்பினப் பெண்ணின் குரலுக்கு மாடத்திலிருந்து அவர் எதிர்க்குரல் கொடுக்கிறார். கிற்றி வைற்றின் குரலும் அவர் குரலும் இணையும் அந்த இரண்டொரு நிமிடங்களில் அவரது இசையின் பிறப்பிடம் திரையில் நேர்மையாகக் காட்டப்பட்டது. பின்வந்த படங்களில் அதற்கு நிகரான காட்சி இல்லை.

அதன் பின் இராணுவ சேவை. 1960இல் மீண்டவர் 1969 வரை மேலும் 27 படங்களில் நடித்தார். கியோவா இனத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறந்தவனாகத் தோன்றிய 'பிளேமிங் ஸ்டார்' (1960), கிளிபர்ட் ஒடெற்ஸ் திரைக்கதை எழுதிய 'வைல்ட் இன் த கன்ட்றி' (1961) ஆகிய இரண்டிலும் பாட்டுக் குறைவு, நடிப்பு அதிகம், வருவாயும் குறைவு. அதே 1961இல் வந்த 'புளூ ஹவாய்' பெரும் இலாபம் ஈட்டிற்று. அதன் இசைத்தட்டு இருபது வாரங்கள் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. வழக்கு அத்துடன் தீர்க்கப்பட்டது. கடற்கரை, கார், மூன்று பெண்கள், பத்துப் பாட்டு: இடமும் தொழிலும் மாறும், வேறெதுவும் மாறாது. சில படங்கள் இரண்டு மூன்று வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்டன. இறாலைப் பற்றியும், சிறு காரினுள் றும்பா ஆட இடமில்லாமை பற்றியும், யோகாசனம் பற்றியும் அவர் பாட வேண்டியிருந்தது.

இப்பாட்டுகள் ஏன் இத்துணை இழிந்தன என்று இரசனை அடிப்படையில் மட்டும் வினவுவோர் விடை காணமாட்டார்கள். பிறெஸ்லி பாட வேண்டுமாயின் பாடலாசிரியன் தன் உரிமையில் ஒரு பங்கை அவர்தம் வெளியீட்டு நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நியதி. தன்மானமுள்ள ஆசிரியர்கள் விலகினர். எழுபதுகளிற்கூட, டொலி பார்ற்றன் என்னும் பாடகி தம் பாட்டொன்றின் பாதி உரிமையைக் கொடுக்க மறுத்தமையால் பிறெஸ்லி அதைப் பாட இயலாது போயிற்று. ஆகவே தரத்தைத் தீர்மானித்தது செவியன்று, பத்திரம். மறுபுறம், பிறெஸ்லி படங்களின் இலாபமே 'பெக்கெற்' போன்ற 'உயர்ந்த' படத்தை எடுக்கத் தயாரிப்பாளர் ஹால் வாலிசுக்கு உதவியது என்ற செய்தியைப் படித்து அவர் மனம் புண்பட்டதாக வாழ்க்கை வரலாறுகள் கூறும். புண்பட்டவர் அடுத்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டார். ஒரு படத்துக்குப் பத்து இலட்சம் டொலர் வரை கிடைத்தது. பாதிக்கப்பட்டவர் என்று மாத்திரம் அவரைக் கருதுவது அவரைக் குழந்தையாக்குவதாகும்.

1968 பெப்ரவரியில் அவரது சொந்த நகரமான மெம்பிசில் துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டு ஊர்வலஞ் சென்றனர். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆந் திகதி அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பிறெஸ்லி ஹொலிவூட்டில் 'லிவ் எ லிற்றில், லவ் எ லிற்றில்' என்னும் களியாட்டப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பின்னணியிலேதான் அவ்வாண்டு யூனில் ஒளிப்பதிவாகி டிசெம்பர் 3ஆந் திகதி ஒளிபரப்பாகிய என்.பி.சி. நிகழ்ச்சியை நோக்க வேண்டும். பணம் கொடுத்தது சிங்கர் கம்பனி. எம் அன்னையர் மிதித்துத் தைத்த அதே இயந்திரத்தின் சொந்தக்காரர். பார்க்கர் நத்தார்ப் பாட்டுகள் கேட்டார். இளம் இயக்குநர் ஸ்டீவ் பைன்டர் இணங்கவில்லை. சிறு சதுர மேடை, நாற்புறமும் மக்கள், கரிய தோலுடை, பக்கத்தில் தொடக்ககாலத் தோழர்களான ஸ்கொற்றி மூரும் டி.ஜே. பொன்ரானாவும். பிறெஸ்லி வியர்க்கிறார், தன் மேலுதடு சுழிவதைக் காட்டி, இப்படியே 29 படம் நடித்தேன் என்று தன்னையே பரிகசிக்கிறார், கிற்றாரைப் பறித்துப் பழைய பாட்டுகளை அடித்து நொறுக்குகிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்போடு வெட்டப்பட்ட உடம்பு முழுமையாகத் திரும்பி வந்தது போலிருக்கிறது. தேவாலயப் பாடற் பகுதியில் 'புளொசம்ஸ்' என்னும் கறுப்பினப் பெண்கள் மூவர் அவரோடு பாடினர். இறுதிப் பாட்டு, கிங்கின் கொலைக்குப் பின் ஏர்ள் பிறவுண் இந்நிகழ்ச்சிக்கென்றே எழுதிய 'இவ் ஐ கான் ட்றீம்'. தொண்டை கிழியப் பாடுகிறார். அவர் பின்னால் அவரது பெயர் ஆளுயரத்தை விஞ்சிய சிவப்பு விளக்குகளாக எரிகிறது. சகோதரத்துவத்தை வேண்டும் குரலும் வியாபாரச் சின்னமும் ஒரே சட்டகத்துள்! விலைமாதர் இல்லக் காட்சியொன்று கம்பனிக்கு ஒவ்வாது என நீக்கப்பட்டதையும் சொல்லவேண்டும். ஆயினும் ஒரு கலைஞன் தன் தொழிற்கருவியைத் திரும்பக் கைப்பற்றும் காட்சி என்றவகையில் இதற்கு இணையாகத் தொலைக்காட்சியில் நான் அதிகம் கண்டதில்லை.

அதனைக் காத்துக்கொள்ள அவரால் இயலவில்லை. சூதாட்ட நகரான லாஸ் வேகாசின் மேடை அவரை விழுங்கியது. 1970 டிசெம்பரில் நிக்சனைச் சந்தித்து, போதைப்பொருட் தடுப்பு அதிகாரியின் சின்னமொன்றை விரும்பிக் கேட்டு வாங்கினார். 1973 ஜனவரி 14இல் ஹவாயிலிருந்து செய்மதி வழியாக ஒளிபரப்பான கச்சேரியை நூறு கோடிப்பேர் பார்த்ததாக விளம்பரஞ் செய்யப்பட்டது. ஆசிய நாடுகள் பலவற்றில் அன்று தொலைக்காட்சியே அரிது. எமது நாட்டுக்கு அது வந்தது 1979இல். 1975இல் 'எ ஸ்டார் இஸ் போர்ண்' படத்தில் நடிக்க வந்த அழைப்பு பேரத்தில் அழிந்தது. 1977 யூனில், ஊதிய உடலோடு மூச்சு வாங்கி நின்றவரைச் சி.பி.எஸ். படம்பிடித்தது. ஆகஸ்ட் 16இல், 42 வயதில், அவர் இறந்தார். ஒக்டோபரில் அப்படம் ஒளிபரப்பப்பட்டது.

2022இல் பாஸ் லூர்மன் எடுத்த 'எல்விஸ்' பார்க்கரை ஒரே வில்லனாக்கிக் கதையை அவர் வாயாலேயே சொல்விக்கிறது. விறுவிறுப்பான படந்தான். ஆனால் பார்க்கர் பேரம் பேசிய ஒவ்வொரு மேசைக்கும் எதிர்ப்பக்கம் ஒரு கம்பனி இருந்தது. அக்கம்பனிகளின் பெயர்கள் அதே படத்தில் அலங்காரமாக மட்டுமே வந்து போகின்றன. தீயவன் ஒருவனைக் காட்டிவிட்டால் தொழிற்றுறை தப்பித்துக்கொள்ளும். அப்படத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பீல் வீதியில், தோர்ன்ரனாக வரும் ஷொன்கா டுக்குரே 'ஹவுண்ட் டோக்'கைப் பாடுகிறார். அங்கே ஒரு பெண் ஓர் ஆடவனைத் திட்டுகிறாள். பாட்டு அவளுடையதாக இருக்கிறது. டுக்குரே அப்படம் வெளியாகிய அடுத்த மாதமே காலமானார்.