ஆற்றுப்படையின் அடுக்களைகள்

பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகளாகும். அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகனடியார்க்கு வழிகாட்டுவது. ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் வறுமையோடு எதிர்ப்படும் பிறிதொரு கலைஞனை நோக்கி, இன்ன வழியாற் செல்க, இன்ன ஊரில் இன்னது உண்பாய், இன்னது பருகுவாய், ஈற்றில் இன்ன மன்னனைக் காண்பாய் என்று கூறும் அமைப்பின. உ. வே. சாமிநாதையர் 1889 ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த காலந்தொட்டு, இந்நூல்கள் பெரும்பாலும் மன்னர் புகழ் பாடுவனவாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. வழியிடை வரும் உணவுச் செய்திகளோ ‘பண்டைத் தமிழர் உணவு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியலாகச் சுருங்கி, வினாத்தாளுக்கு விடையாவதோடு அமைந்துவிடுகின்றன. பாட்டின் உயிர் அரண்மனையில் உள்ளதா, அதற்குச் செல்லும் வழியில் உள்ளதா என்ற வினா எழுப்பப்படுவது அருமை.

உண்பதற்கும் குடிப்பதற்குமென்றே வழி வகுத்துப் பயணம் செல்லும் வழக்கம் மேனாட்டார் இந்நூற்றாண்டுகளில் கண்ட புதுமை என்று கருதுவோர் உளர். ஜெர்மனியில் 1935 இலும், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1953 இலும் திராட்சை மதுவுக்குப் பெயர்போன ஊர்களை இணைத்து ‘மது வழி’கள் வகுக்கப்பட்டன. வார இறுதி இரண்டு நாளில் எந்த ஊரில் எந்த மதுவைச் சுவைப்பது, அதனுடன் எதை உண்பது என்று முன்கூட்டியே திட்டமிட்டுச் செல்வோர் அங்குப் பலர். ஆற்றுப்படைப் புலவர் செய்ததும் அடிப்படையில் இதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. மேனாட்டு வழியில் கொடி ஒன்று, ஊர்களே பல. தமிழ் வழியில் நிலந்தோறும் குடியும் மாறுகின்றது. கடற்கரையில் பழகிய கள்ளின் தெளிவு, வயற்புறத்தில் அரிசியிலிருந்து வடித்த அரியல், மலையில் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் தேறல் என வழிப்போக்கன் நிலத்தையே பருகிச் செல்கின்றான். கருப்பொருள்களை நிரல்படக் கூறும் தொல்காப்பியர் தெய்வத்தை அடுத்து உணாவை வைத்தமை தற்செயலன்று. திணைகளைச் சமனற்ற வளர்ச்சிநிலையிலிருந்த சமூகங்களாகக் கண்டு பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் எழுதிய கட்டுரையை உடன்வைத்து நோக்குமிடத்து, ஆற்றுப்படையின் ஒவ்வொரு உணவும் ஒரு பொருளாதாரத்தின் சாட்சியாகின்றது.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையே உடையது. அதில் அடுக்களைகள் வந்துகொண்டே இருக்கின்றன. முதலாவது, பரிசில் பெறுமுன் பாணன் வாழ்ந்த வீட்டின் அடுக்களை. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பால் வற்றிய நோவினால் அங்குக் கிடந்து குரைக்கின்றது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து உப்பின்றி அவித்து, புறங்கூறுவோர் கண்டுவிடுவரோ என நாணி வாயிலை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கின்றாள். பசியை இதனினும் குறைந்த சொற்களில் காட்டிய தமிழ்ப் பகுதியைக் காண்பது எளிதன்று. அடைத்த அக்கதவுக்கு மறுமொழி போல, வழியில் கதவுகள் திறந்து கிடக்கின்றன. எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய அகில் மரமே விறகாகின்றது. நுளையர் மகள் அரித்த பழந்தேறலையும் சுட்ட உலர்மீனையும் பரதவர் தருகின்றனர். வேலூரில் எயிற்றி அட்ட புளிங்கறியிட்ட சோறும் ஆமான் சூடும் கிடைக்கின்றன. ஆமூரில் உழவர் மனைப் பெண் தன் பிள்ளைகளை அனுப்பி வழிப்போக்கரை மறித்து, வெண்சோற்றை நண்டுக் கலவையோடு இடுகின்றாள்.

நல்லியக்கோடனின் அரண்மனையில் உண்டது யாது? வீமன் செய்த மடைநூலின் நெறி தவறாத பல்வகை அடிசில் என்பதற்கு மேல் புலவர் எதுவும் கூறவில்லை. பொற்கலம் பளபளக்கின்றது, மன்னன் தானே நின்று ஊட்டுகின்றான், கலத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் கற்போர் அறியார். வழியிற் கிடைத்த ஒவ்வொரு கவளத்துக்கும் பெயருண்டு, மணமுண்டு, சமைத்தவளும் உண்டு. அரண்மனைச் சோற்றுக்கு நூல் மட்டுமே உண்டு. புகழப்பட்டவன் மன்னனேயாயினும், புலவரின் நாவு எங்குச் சுவை கண்டது என்பதை அவர்தம் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில் இதை இன்னும் விரித்துச் செய்கின்றது. உணவுப் பாட்டு என்ற வகையில் தமிழில் இதுவே தலைசிறந்தது எனலாம். எயிற்றியர் கரம்பு நிலத்தைக் கிளறித் திரட்டிய புல்லரிசியை உரலிற் குற்றி, உவர்க்கிணற்று நீரை வாய் உடைந்த பானையில் ஏற்றிச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு இடுகின்றனர். இடையர் குடியிருப்பில் தினைச்சோறும் பாலும். புன்செய்ச் சீறூரில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். மருதத்தில் வெண்ணெற் சோறும் வீட்டுக் கோழிப் பொரியலும். அந்தணர் மனையில் மாதுளம் பிஞ்சை வகிர்ந்து, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி, பசு வெண்ணெயில் வேகவைத்த கறி. பக்கத்தில் மாவடு ஊறுகாய்.

இவை எல்லாவற்றினும் வலைஞர் குடியிருப்புப் பகுதியே வியப்பிற்குரியது. அங்குப் புலவர் உணவைக் கூறுவதை விட்டுச் செய்முறையைக் கூறத் தலைப்படுகின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவிட்டு, புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய முளையடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த அரியல், புதுமீன் சூட்டோடு தரப்படுகின்றது. மாப்பொருளை முளைத் தானியத்தால் இனிப்பாக்கி நொதிக்கவைக்கும் அறிவு இவ்வடிகளிற் பொதிந்துள்ளது. தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்வதே நோக்கமாயின் சாடியின் நாட்கணக்கு எதற்கு? நீர்ப்பெயற்றுத் துறையில் கள் அடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் சேறாகின்றது. அச்சேற்றில் குட்டிகளோடு பன்றிகள் புரள்கின்றன. அவற்றுடன் சேரவிடாது நெல்மாவு ஊட்டிக் குழியில் வளர்த்த ஆண்பன்றியின் கொழுந்தசை கள்ளுக்குத் துணையாகின்றது. இக்காட்சியில் அருவருப்பும் பசியும் ஒருங்கே எழுகின்றன. துப்புரவான பாடநூல்கள் இப்பகுதியை விரைந்து கடப்பதன் காரணம் விளங்காமலில்லை.

திராட்சை மது தமிழகத்துக்கு வராமலும் இல்லை. யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகின்றார். அரிக்கமேட்டு அகழ்வில் மது வந்த யவனச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. ஆனால் அம்மது வேந்தனின் கையோடு நின்றுவிட்டது. ஆற்றுப்படையின் வழிநெடுகக் கலைஞர்க்கு வார்க்கப்பட்டதெல்லாம் அவ்வந் நிலத்துப் பெண்கள் அரித்ததும் பிழிந்ததுமேயாகும்.

பொருநராற்றுப்படையைப் பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. முடத்தாமக்கண்ணியார் பொருநனைக் கரிகாலனின் அவைக்கு விரைவாகவே கொண்டு சேர்த்துவிடுகின்றார். ஆங்கு இறைச்சியை இரவும் பகலும் தின்று, புன்செய் உழுத கொழுவைப் போலப் பற்கள் மழுங்கிப் போயின என்று பொருநன் கூறுமிடம் ஒன்றே மறக்கவொண்ணாதது. அரண்மனை உணவின் முடிவு திகட்டல் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன புகழ்ப்பாட்டு அரிது.

பயணத் திட்டம் என்ற வகையில் மிகச் சிறந்தது பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் எங்குள்ளன, பாம்பு உறையும் இடம் எது, வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது, தினைப்புனக் காவலர் எறியும் கவண் கல்லுக்கு எப்படி ஒதுங்குவது என 583 அடிகளில் அது எச்சரித்துச் செல்கின்றது. இரவு பருகிய தேறலின் மயக்கம் காலையில் தீர, புளியும் மோரும் விட்டு மூங்கிலரிசியில் ஆக்கிய சோற்றையும் பரிந்துரைக்கின்றது! எனினும், இதுவரை கூறிய வாதத்துக்கு வலுவான மறுப்பும் இந்நூலிலேயே உண்டு. நன்னனின் கூத்தர் என்று கூறினால் மலைவாணர் உறவினர் போல உபசரிப்பர் என்கின்றார் புலவர். அவ்வாறாயின் வழியுணவும் மன்னன் பெயரால் வந்ததே என்று ஒருவர் வாதிடலாம். ஆயின் பெயர் கதவைத் திறக்கலாம்; உலையை ஏற்றுவது அதனால் ஆவதன்று. கேளாமலே தம் வீட்டுக்குள் புகுவது போலப் புகுக என்று அதே புலவர் கூறுவதற்கு அவர்களிடையே நிலவிய வழக்கம் அன்றி வேறு ஆதாரம் இல்லை. ‘பெறுகுவிர்’ என்று ஐயமின்றி எதிர்காலத்திற் பேச அவருக்குத் துணிவளித்ததும் அவ்வழக்கமே.

இவ்வளவுகோலைத் திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையிலுள்ள சீனன்குடாவிற்குக் கொண்டுவந்து பார்த்தல் தகும். அங்கிருந்து இரண்டு நாள் உணவுப் பயணம் வகுக்க முனைவோர்க்குத் திணைகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. குடாவில் நெய்தல்; சுட்ட சூடை மீனுக்கும் தவறணைக் கள்ளுக்கும் தட்டில்லாத கரை. மேற்கே தம்பலகாமத்து வயல்கள் மருதம்; அதற்கும் அப்பால் கந்தளாய்க் குளத்து நீர். பெரும்பாணாற்றுப்படைப் பாணன் ஆலைகளிற் கருப்பஞ்சாறு பருகினான்; கந்தளாய்ச் சீனி ஆலையோ 1990 களில் மூடப்பட்டுவிட்டது. தெற்கே பாலங் கடந்தால் கிண்ணியாவின் எருமைத் தயிர். முஸ்லிம் மக்கள் பெருகி வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வழிப்போக்கனுக்குக் கள் இல்லை, தேநீர் உண்டு. புலவரின் வரைபடத்திற்கு இது ஒரு திருத்தம். நல்லியக்கோடனின் நகருக்கு மாவிலங்கை என்று பெயர் இருப்பதைக் கண்டு அவனை இக்கரைக்கு இழுத்துவர முயல்வோர்க்கு மட்டும் இங்கு இடமில்லை. அவன் ஓய்மா நாட்டவன்.

சீனன்குடாவில் இன்று கண்ணுக்குத் தெரிவனவோ வேறு. ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியர் குண்டு வீசிய விமானத்தளம், 1980 ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய பெரிய மாவாலை. அவ்வாலை அரைக்கும் கோதுமை இந்நாட்டில் விளைவதன்று, கப்பலில் வருவது. ஐந்திணையில் எதற்கும் உரியதல்லாத தானியம் நாட்டின் காலையுணவாகி, பாணாக எல்லாத் திணைகளிலும் ஒரே சுவையோடு விற்கப்படுகின்றது. பயணிகளுக்கான கைந்நூல்கள் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் கடற்கரை விடுதிகளையும் குறித்து நிறைவடைகின்றன. மீன் சுட்டவளும் தயிர் உறைய வைத்தவளும் அவற்றில் இல்லை. நத்தத்தனார் நுளையர் மகளின் பெயரைக் கூறாவிடினும் அவள் அரித்த தேறலையேனும் பாட்டில் வைத்தார்.

இதே நிலப்பரப்பில், 2006 ஓகஸ்டில், போருக்கு அஞ்சி மூதூர் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாயை நோக்கிப் புறப்பட்டனர். எதிரே வந்து வழி கூறப் பாணன் இல்லை. வழியின் முடிவில் மன்னனும் இல்லை. கந்தளாயிற் பாடசாலைகளிலும் முகாம்களிலும் தங்கி, பிறர் ஆக்கிய சோற்றை உண்டனர். அச்சோற்றின் வகையையும், அதை இட்டோர் யாவர் என்பதையும் நிலந்தோறும் நின்று கூறும் ஆற்றுப்படை ஒன்று இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கின்றது.