இணையவெளி விடுதலை அறிக்கையில் தன்மைப் பன்மை

அமெரிக்கரான ஜான் பெரி பார்லோ 1996 பிப்ரவரி 8 அன்று சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலிருந்து வெளியிட்ட ‘இணையவெளியின் விடுதலை அறிக்கை’, கணினி வலைப்பின்னலின் தொடக்ககால அரசியல் கனவுகளைச் சுருக்கமாகவும் துணிவாகவும் எடுத்துரைத்த ஆவணம் எனலாம். பார்லோ பாடலாசிரியர், வயோமிங் மாநிலத்தில் கால்நடைப் பண்ணை நடத்தியவர், 1990இல் ‘மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை’யை நிறுவியோருள் ஒருவர். அறிக்கை வெளியான அதே நாளில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் ஒரு பகுதி, வலைப்பின்னலில் நாகரிகக் குறைவானதாகக் கருதப்படும் பேச்சைக் குற்றமாக்கியது. அதற்கு எதிராக எழுந்த சினம் நியாயமானதே. ஆயினும் சினத்தின் நியாயம் வேறு. அதன்மேல் எழுப்பப்பட்ட அரசியற் கோட்பாடு வேறு. அக்கோட்பாட்டின் குறை அறிக்கையின் மூவிடப் பெயர்களிலேயே வெளிப்படுகிறது. தமிழில் பெயர்க்க முற்படும்போது அக்குறையை மறைக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அறிக்கை தன்மை ஒருமையில் தொடங்குகிறது. பேசுபவர் மனத்தின் புதிய உறைவிடமாகிய இணையவெளியிலிருந்து தாம் வருவதாகக் கூறித் தொழில்வளம் பெற்ற நாடுகளின் அரசுகளை விளிக்கிறார். விரைவிலேயே ஒருமை பன்மையாகிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘வீ’ என்னும் பெயர் கேட்பவரை உளப்படுத்தியும் நிற்கும், விலக்கியும் நிற்கும். சில வட்டார வழக்குகளில் வேறுபாடு மங்கியிருப்பினும், எழுத்துத் தமிழில் நாம், நாங்கள் என்னும் இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இன்றைய வினைமுற்றில் ‘-ஓம்’ ஒன்றே எஞ்சியிருத்தலின், எழுவாயை விடுத்துப் ‘படைக்கிறோம்’ என்று எழுதி மொழிபெயர்ப்பாளர் சற்றே தப்பலாம். வேற்றுமை உருபு ஏற்கும் இடங்களில் ‘நம்மை’, ‘எங்களை’ எனப் பிரிந்தே தீரும்.

அரசுகளை நோக்கிய பேச்சாதலின் இலக்கணப்படி ‘நாங்கள்’ என்பதே பொருந்தும். ஆனால் இதைப் படித்து அரசுகள் விலகிச் சென்றுவிடும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது. வலைப்பின்னலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் படித்தவர்களே இதன் மெய்யான கேட்போர். அவர்களுக்கு அதே சொல் ‘நாம்’ என்று ஒலித்தது. வெளிப்படையான முன்னிலை அரசு. உள்ளுறையான முன்னிலை வாசகர். இவ்விரட்டை விளியை ஆங்கிலம் ஒரே சொல்லில் தாங்கிக்கொள்கிறது. அறிக்கையின் கவர்ச்சியிற் பெரும்பகுதி இங்கேதான் உள்ளது.

அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்னும் ஈறுகள் படர்க்கையாரையும் பேசுபவரோடு சேர்க்கும் என நன்னூல் பகுத்துரைக்கிறது. இப்பகுப்பு ஈண்டுப் பெரிதும் பயன்படும். இந்நோக்கில் ‘நாங்கள்’ என்பது கேட்பவரை விலக்குவதோடு அமைவதில்லை. பேசுபவர் சில படர்க்கையாரைத் தம்மோடு சேர்த்துக்கொள்வதாகவும் அமைகிறது. எனவே பார்லோ சேர்த்துக்கொண்ட படர்க்கையார் யாவர் என்று கேட்பது இலக்கணக் கேள்வியே ஆகும். தங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி இல்லை என்பதையும், விடுதலை உணர்வு தரும் அதிகாரமன்றி வேறு அதிகாரம் தமக்கில்லை என்பதையும் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலை அறிக்கையைப் பற்றி 1976இல் பேசிய தெரிதா, கையொப்பமே கையொப்பமிடும் மக்களைப் படைக்கிறது என்று காட்டினார். அங்கேனும் குடியேற்றங்களின் பேராளர்கள் கூடிக் கையொப்பமிட்டனர். இங்கோ ஒருவர் தனியே நின்று ‘அறிவிக்கிறேன்’ என்கிறார். சொல்வதே செயலாகும் கூற்றுகளுக்கு ஏற்கப்பட்ட நடைமுறை ஒன்று முன்னரே இருத்தல் வேண்டும் என்பது ஆஸ்டினின் முதல் நிபந்தனை. அந்நடைமுறை இங்கு இல்லை.

பருப்பொருளை அடிப்படையாகக் கொண்ட சட்டங்கள் பருப்பொருளற்ற வெளியிற் செல்லா என்பது அறிக்கையின் நடுவண் வாதம். அதன் சொற்களோ இல்லம், எல்லை, காவற்சாவடி, மண்ணுக்குரியோர், குடியேறியோர் என நிலத்திலேயே வேரூன்றியவை. மேற்கு நோக்கிச் சென்ற அமெரிக்கக் குடியேறிகளின் தொன்மமே இதன் பின்புலம். அந்நிலத்தில் முன்னரே மக்கள் வாழ்ந்தனர் என்பதை அத்தொன்மம் மறைத்தது. ‘எல்லைப்புறம்’ என்னும் தமிழ்ச்சொல் அத்தொன்மத்தைச் சுமப்பதில்லை. ஆங்கிலச் சொல் ‘இன்னும் செல்லலாம்’ என்னுமிடத்தில் தமிழ்ச்சொல் ‘இத்துடன் முடிந்தது’ என்கிறது. ‘சைபர்ஸ்பேஸ்’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. வில்லியம் கிப்சன் 1982இல் ஒரு சிறுகதையில் ஆக்கிய இச்சொல்லின் முதற்பகுதி, சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதே வேர் இலத்தீன் வழியாக வந்து ஆங்கிலத்தில் அரசாங்கத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. சொற்பிறப்பு ஒரு வாதத்தை வீழ்த்திவிடாது; எனினும் முரண் சுவையானது.

எவரும் எங்கிருந்தும் தம் கருத்தை உரைக்கத்தக்க உலகைப் படைப்பதாக அறிக்கை உறுதி கூறியது. 1996இல் தமிழில் உரைக்க விரும்பியவரின் நிலை என்ன? தடையின்றிச் சென்றது 128 இடங்களே கொண்ட அஸ்கிக் குறியீடு. அதன் முழுப்பெயரே ‘அமெரிக்க’ என்று தொடங்குகிறது. எழுத்துருவுக்கு ஒரு குறியீடாக இருந்தமையால், அனுப்பியவரின் எழுத்துரு இல்லாதவருக்குத் தமிழ் மடல் புரியாக் குறிகளாகவே தெரிந்தது. பலர் உரோமன் எழுத்தில் தமிழ் எழுதினர். 1991இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தும், அது பரவலாக வழங்கப் பல்லாண்டுகள் ஆயின. இடையில் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. தமிழ்நாடு அரசு 1999இல் தரக்குறியீடுகளை அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. எழுதும் உரிமை குழுக்களாலும் அரசாணைகளாலும் சிறுகச் சிறுகக் கட்டப்பட்டது. இணையவெளி பொதுக் கட்டுமானப் பணியன்று, இயற்கையாக வளர்வது என்னும் பார்லோவின் கூற்றோடு இவ்வரலாறு பொருந்தாது. 1969இல் தொடங்கிய அர்ப்பாநெட் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் எழுந்தது. இந்தியப் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று வாயிலைத் திறந்ததும் அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம்தான்.

தன்மையில் வலைப்பின்னலாரும் முன்னிலையில் அரசுகளும் நின்றபின், படர்க்கை ஏறத்தாழ வெறுமையாகவே விடப்பட்டது. பழைய தகவல் தொழில்கள் ‘உங்கள்’ என்னும் அடையோடு அரசுகளின் பக்கத்தில் ஓரிடத்தில் வருகின்றன. வலைப்பின்னலுக்குள்ளேயே முளைக்கவிருந்த வணிக நிறுவனங்களுக்கு எவ்விடமும் ஒதுக்கப்படவில்லை. பயனர் பேச்சுக்கு அதனை ஏந்தும் நிறுவனம் பொறுப்பாகாது என்னும் 230ஆம் பிரிவு, அறிக்கை தூற்றிய அதே சட்டத்தில் இருந்தது. அதன் நிழலிலேயே அவை தழைத்தன. பேச்சை நீக்குவதும் கணக்கை முடக்குவதும் இன்று பெரிதும் அவற்றின் கையில் உள்ளன. எதிர்க்கலாச்சார விடுதலை வேட்கையும் தடையற்ற சந்தை நம்பிக்கையும் கைகோத்திருப்பதை ரிச்சர்ட் பார்புரூக், ஆண்டி கேமரன் ஆகியோர் 1995இலேயே சுட்டிக்காட்டியிருந்தனர்.

‘நீங்கள்’ என்னும் முன்னிலைப் பன்மையும் பிழையானது. சட்டமியற்றுபவரையும் நீதிமன்றத்தையும் அது ஒன்றாகவே விளிக்கிறது. பார்லோ எதிர்த்த பேச்சுத் தடையை 1997 ஜூன் 26 அன்று செல்லாததாக்கியது அமெரிக்க உச்சநீதிமன்றம். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை 2015 மார்ச் 24 அன்று நீக்கியது இந்திய உச்சநீதிமன்றம்.

அறிக்கையைத் தமிழாக்குவோர் இறுதிவரை ‘நாங்கள்’ என்றே எழுதுவது மூலத்திற்கு நேர்மையானது. ‘நாம்’ என்று இளக்கினால், கேட்கப்படாத படர்க்கையார் கேட்கப்பட்டவர்போல் தோன்றுவர். பாகுபாடின்றி அனைவரும் புகத்தக்க உலகைக் குறிக்கும் தொடரில் ‘-லாம்’ ஈற்றைப் பயன்படுத்துவதற்கும் தயங்க வேண்டியதில்லை. ‘எல்லாரும் நுழையலாம்’ என்னும்போது இயலும் என்ற பொருளோடு இசைவளித்தல் என்ற பொருளும் தமிழில் சேர்ந்தே கேட்கும். எழுவாய் ‘நாங்கள்’ ஆக இருப்பின், இசைவளிப்பவர் யார் என்பதும் உடன் கேட்கும்.