அரை நொடிக்குள்

பயிற்சியாளரின் கைவண்ணம் என்று தனியாக ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால், 2014 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித்தொடரின் மூன்றாவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாம். மயாமி ஹீட்டின் சொந்த அரங்கம். ஹீட் பக்கம் லெப்ரான் ஜேம்ஸ். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் முதல் பாதியிலேயே 71 புள்ளிகள் எடுத்தது. எறிந்ததில் 75.8 சதவீதம் கூடைக்குள் விழுந்தது. இறுதித்தொடரில் அப்படியொரு பாதியை யாரும் அதற்குமுன் ஆடியதில்லை.

கணக்கு கிடக்கட்டும், பந்து போன வழியைப் பாருங்கள். ஸ்பர்ஸின் டோனி பார்க்கர் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்கிறார். இரண்டு பேர் அவரை வளைக்கிறார்கள். பந்து மூலைக்குப் போகிறது. அங்கே நிற்பவர் தாராளமாக எறியலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவரை யாருமே மறிக்கவில்லை. பந்து அவரிடம் போய்விடுகிறது. ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் போப்பவிச் விதித்திருந்த சட்டம் அரை நொடி. பந்து கைக்கு வந்த அரை நொடிக்குள் எறிய வேண்டும், கொடுக்க வேண்டும், அல்லது பாய வேண்டும். வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. அன்று முதல் ஐவரில் அவர் புதிதாக இறக்கிய போரிஸ் டியோ, இரண்டு வருடம் முன்பு சார்லட் அணி வேண்டாமென்று விட்டுவிட்ட ஆள். கொஞ்சம் தொப்பை, ஓட்டத்தில் வேகமில்லை. யார் எங்கே காலியாக நிற்கிறார் என்பது மட்டும் மற்றவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் போப்பவிச் இந்த ஆட்டத்துக்குப் பேர்போனவர் அல்ல. 1999, 2003, 2005, 2007 பட்டங்களுக்கு அடித்தளம் இறுக்கமான தடுப்பாட்டம்தான். பார்க்கத் தூக்கம் வருகிறது என்று ஊரே சொன்னது; அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வயது அறுபதைத் தாண்டிய பிறகு, நான்கு பட்டம் தந்த பாணியை ஒருவர் தானே கலைத்துவிட்டு வேறொன்றைக் கட்டினார் என்பதைத்தான் நான் அவருடைய 1,422 வெற்றிகளைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

தொடக்கம் அப்படியொன்றும் அழகாக இல்லை. விமானப்படைக் கல்லூரியில் சோவியத் பாடம் படித்து, சின்னக் கல்லூரி அணி ஒன்றைப் பழக்கியவர். 1996-ல் ஸ்பர்ஸின் பொது மேலாளராக இருந்தபோது, பயிற்சியாளரை நீக்கிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அந்தப் பருவத்தில் அவர் கண்டது 17 வெற்றி, 47 தோல்வி. அடுத்த கோடையில், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில், முதல் தேர்வாக டிம் டங்கன் கிடைத்தது அதிர்ஷ்டம், சந்தேகமே இல்லை.

அதிர்ஷ்டத்தை அவர் கையாண்ட விதம்தான் வித்தை. அணியின் பெரிய நட்சத்திரத்தையே எல்லோர் முன்னிலும் திட்டினார். டங்கன் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு பன்னிரண்டாவது ஆட்டக்காரர் எப்படி முறைத்துக்கொள்ள முடியும்? அணியின் இன்னொரு ஆட்டக்காரர் மனு ஜினோபிலியிடம் நேர்மாறு: கடிவாளம் போட்டுப் பார்த்து, பலிக்காமல், அவர் போக்கில் விட்டுவிட்டார்.

2012-ல் ஓர் ஆட்டத்தில் டங்கனுக்கு ஓய்வு கொடுத்தார். வழக்கமாக முழங்கால், முதுகு என்று காரணம் போடுவார்கள். அன்றைய அதிகாரபூர்வ ஆட்டக்குறிப்பில் டங்கன் பெயருக்கு நேரே இருந்த காரணம்: வயசாகிவிட்டது. அந்தக் கிழவர் 38 வயதில், மேலே சொன்ன 2014 தொடரில், ஐந்தாவது பட்டத்தை வாங்கினார்.