எப்போது தெரியும்?

முத்துக்குளித்த காலத்தில், கடலில் மூழ்குபவனின் கயிற்றைப் பிடிக்க அவனுடைய மச்சானைத்தான் தோணியில் நிறுத்துவார்கள் என்று எங்கள் கரையில் சொல்வதுண்டு. கூடப்பிறந்தவனைவிட மச்சானிடம் நம்பிக்கை அதிகம். கயிறு கைநழுவினால் அவனுடைய சகோதரிதானே தாலியை இழப்பாள்! தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும், காப்பீடு என்பதை வகுப்பில் விளக்க நேர்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கயிறுதான்.

அன்று முதுகலை மாணவிகளிடம் ஜோசப் ஜெயபால் வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த இந்தப் பாதிரியார், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தில் 2004, 2005 ஆண்டுகளில் பணியாற்றினார். அங்கே பதின்வயதுச் சிறுமிகள் இருவரிடம் பாலியல் குற்றம் இழைத்ததாக அவர்மீது வழக்கு வந்தது. அதற்குள் அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பியிருந்தார். 2012இல் இங்கே கைதானார். 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த உடன்பாட்டின்படி இன்னொருவர் தொடர்பான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தண்டனை ஓராண்டும் ஒரு நாளும். காவலில் இருந்த காலத்திலேயே அது கழிந்துவிட்டதால் நாடு திரும்பினார். 2016 தொடக்கத்தில், வத்திக்கானின் ஆலோசனையோடு உதகை ஆயர் அவருடைய பணிநீக்கத்தை விலக்கிக்கொண்டார்.

இதற்கெல்லாம் முன்பே, 2011இல், பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் தொடுத்த உரிமையியல் வழக்கில் குரூக்ஸ்டன் மறைமாவட்டம் ஏழரை லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டிருந்தது. தொகையைச் சொன்னதும் மணப்பாடு பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: “அது யாரு குடுத்த காசு மிஸ்? கோயில் உண்டியலா?”

நல்ல கேள்வி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய தொகைகளில் கணிசமான பங்கு காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வருகிறது. தேவாலயக் கட்டடத்துக்குத் தீக் காப்பீடு எடுப்பதுபோல, நிறுவனத்தின் ஊழியர்களால் மற்றவர்களுக்கு நேரும் தீங்குக்கும் பொறுப்புக் காப்பீடு எடுக்கிறார்கள். தீங்கு நடந்த ஆண்டில் எந்தப் பத்திரம் நடப்பில் இருந்ததோ அதுவே பணம் தர வேண்டும். ஆகவே நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரங்களைப் பழைய பெட்டிகளிலிருந்து தோண்டி எடுப்பது அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

இந்தப் பத்திரங்களை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். அதன் மையச் சொல் ‘விபத்து’. எதிர்பாராமல் நேர்ந்த தீங்குக்கு மட்டுமே நிறுவனம் பணம் தரும். எதிர்பார்த்த, வேண்டுமென்றே செய்த தீங்குக்குத் தராது. பாதிக்கப்பட்ட பெண்ணோ நீதிமன்றத்தில் வேறொன்றை நிறுவ வேண்டும்: இவர் இப்படிப்பட்டவர் என்று மேலிடத்துக்குத் தெரியும், தெரிந்தும் அவரைக் குழந்தைகளிடையே அனுப்பினார்கள். ‘அவர்களுக்குத் தெரியும்’ என்பதை நிறுவினால் திருச்சபையின் பொறுப்பு உறுதியாகிறது. அதே வாக்கியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் சொல்கிறது: தெரிந்திருந்தால் இது விபத்து அல்ல, நாங்கள் பணம் தர வேண்டியதில்லை. அவளுடைய வழக்கை வெல்ல வைக்கும் அதே உண்மை, அவளுக்கு வர வேண்டிய பணத்தைத் தடுக்கும் உண்மையாகவும் ஆகிறது.

இது என் கற்பனை அல்ல. நியூயார்க் மாநிலம் 2019இல் ஒரு சட்டம் இயற்றி, காலம் கடந்துபோன குழந்தைப் பாலியல் வன்முறை வழக்குகளுக்குத் தற்காலிகமாகக் கதவைத் திறந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் நியூயார்க் உயர்மறைமாவட்டத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அதன் காப்பீட்டு நிறுவனமான சப், தனக்குப் பணம் தரும் பொறுப்பு இல்லை என்று 2023இல் நீதிமன்றம் சென்றது. பல பத்தாண்டுகளாக வாங்கிய தவணைக்கு ஈடாகத் தரவேண்டியதைத் தர மறுக்கிறது என்று 2024இல் உயர்மறைமாவட்டம் குற்றம்சாட்டியது. திருச்சபை தன் குற்றத்தை மறைத்தது என்கிறது காப்பீட்டு நிறுவனம். பாதிக்கப்பட்டவர்களைக் காப்பீட்டு நிறுவனம் ஏமாற்றுகிறது என்கிறது திருச்சபை. இருவருமே அவளுக்காகப் பேசுகிறார்கள், அவளோ காத்திருக்கிறாள்.

கத்தோலிக்கர்களோடு இது முடியவில்லை. நாசரேத்தும் சாயர்புரமும் ஆங்கிலிக்கன் மிஷன் வளர்த்த ஊர்கள். அந்த மரபின் தாய்ச்சபையான இங்கிலாந்துத் திருச்சபைக்கு 1887இல் தொடங்கிய எக்லீசியாஸ்டிகல் என்ற காப்பீட்டு நிறுவனம் உண்டு. சிறுவயதில் வன்முறைக்கு உள்ளான ஒருவர், தனக்கு நேர்ந்ததைப் பல ஆண்டுகளாகத் திருச்சபையின் மூத்தவர்கள் பலரிடம் சொல்லிவந்தார். அவர் இழப்பீடு கோரியதும் அவரோடிருந்த பேச்சு நின்றுபோனது. இதை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த எலியட் அறிக்கை, பணம் பற்றிய கவலை ஆன்மிகப் பராமரிப்பை முந்திக்கொண்டதைக் கண்டித்தது. பேச்சை நிறுத்தச் சொன்னது தான் அல்ல என்றது காப்பீட்டு நிறுவனம். அதன் சாட்சியத்துக்கு மேலும் விளக்கம் கேட்டு, பிரிட்டன் அரசு அமைத்த விசாரணைக் குழு 2019இல் அதை மீண்டும் அழைத்தது.

யார் சொன்னார்கள் என்ற தகராறு ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண் ‘எனக்கு இது நேர்ந்தது’ என்று சொல்லும்வரை அவள் மந்தையின் ஆடு. ‘இதற்கு ஈடு என்ன’ என்று கேட்டதும் அவள் எதிர்த்தரப்பு. ‘வருந்துகிறோம்’ என்ற சொல்கூட ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்ற பயத்தில் வழக்கறிஞரின் மேசையைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கு மூழ்குபவளின் உயிரைவிடத் தோணியின் கணக்கு பெரிதாகிவிடுகிறது.

இங்கே நம் நிலை என்ன? நம் ஊரில் இந்தச் சண்டை நடப்பதில்லை. காரணம், இங்கே திருச்சபையிடம் யாரும் இழப்பீடு கேட்பதே அரிது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், 33(8) பிரிவின்படி சிறப்பு நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொல்லலாம். நடைமுறையில் அது பெரும்பாலும் அரசின் நிதியிலிருந்து வருகிறது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018ஆம் ஆண்டின் தேசியத் திட்டம் பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய்வரை குறித்திருக்கிறது. கல்லூரியும் மருத்துவமனையும் நிலமும் வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் நகராமலே வழக்கு முடிந்துவிடலாம். இங்கே நிறுவனங்களுக்குக் காப்பீடு நம் மௌனம்தான். அதற்கான தவணையை ‘ஊர்ப் பேரு கெட்டுரும்’, ‘சாமியாரப் பத்திப் பேசாத’ என்று தாய்மார் தம் பெண்களிடமிருந்து வசூலித்துக் கட்டிவருகிறார்கள். தாய்மாரை நான் பழிக்கவில்லை. கல்யாணமும் சாவும் கோயில் வழியாகவே நடக்கிற ஊரில் அவர்களுக்கு வேறு புகல் கொடுக்கப்படவில்லை.

ஆனால் இந்தக் கரைப் பெண்களுக்கு இழப்பீடு கேட்பது புதிதல்ல. கடலுக்குப் போய்த் திரும்பாதவனை ஏழு ஆண்டு கழிந்தால்தான் இறந்தவனாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதுவரை அவன் மனைவிக்குச் சான்றிதழும் இல்லை, காப்பீட்டுப் பணமும் இல்லை. 2017இல் ஒக்கி புயலுக்குப் பிறகு தென்கரைப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். காணாமல் போனவர்கள் விஷயத்தில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்த அரசு முன்வந்தது. நியூயார்க்கில் வழக்குகளுக்கு 2019இல் கதவு திறந்ததும், மினசோட்டாவில் 2013இல் திறந்ததும் இதே போன்றதுதான். ‘காலம் கடந்துவிட்டது’ என்பது மனிதர்கள் எழுதிய விதி. மனிதர்கள் அழுத்தினால் அது மாறும்.

காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தங்கள் பணத்தைக் காக்கவே அவர்கள் கேட்கும் கேள்விகள் இவை: யாருக்கு, எப்போது தெரியும்? எந்தக் கடிதம், எந்தத் தேதி? அவரை எங்கே மாற்றினீர்கள்? நம் சட்டத்தில் இந்தக் கேள்விகளுக்கு இன்னும் கூர்மையான இடம் இருக்கிறது. போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவின்படி, தன் கீழ் உள்ளவரின் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத நிறுவனத் தலைமைக்கு ஓராண்டுவரை சிறை. அங்கே ‘தெரியும்’ என்பது பணத்தைத் தடுக்கும் விதி. இங்கே தெரிந்தும் சொல்லாதிருப்பதே குற்றம்.

இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவி நோட்டில் இரண்டு பிரிவு எண்களையும் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, “ஆயருக்கும் இது பொருந்துமா மிஸ்?” என்றாள். பொருந்தும் என்றேன். ஆயருக்கும், பங்குத்தந்தைக்கும், விடுதிக் காப்பாளருக்கும், கல்லூரி முதல்வருக்கும் பொருந்தும். அதையும் எழுதிக்கொண்டாள்.