ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையாத வரலாறுகள்

எல்விஸ் பிரெஸ்லி 1977 ஆகஸ்ட் 16 அன்று மெம்ஃபிஸில் இறந்தபோது அவருக்கு வயது 42. அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்புதான், அவரிடம் மெய்க்காவலர்களாக இருந்து வேலையிழந்த மூவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 'எல்விஸ்: வாட் ஹேப்பன்ட்?' கடைகளுக்கு வந்திருந்தது. மாத்திரைகள், துப்பாக்கிகள், கட்டுக்கடங்காத கோபம் என்று அந்நூல் அடுக்கியவற்றில் மாத்திரைப் பழக்கமாவது பின்னாளில் ஐயமின்றி உறுதிப்பட்டது. ஆனால் அதைப் படித்து முடித்தவருக்கு, இந்த மனிதரின் குரலுக்காக உலகம் ஏன் திரும்பிப் பார்த்தது என்பது தெரியாது. வெகுசன இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் புகழ்மாலை என்றும் அம்பலப்படுத்தல் என்றும் பிரிப்பது வழக்கம். அந்தப் பிரிவினையால் பயனில்லை என்பதே என் கருத்து. போற்றுகிறவரும் தூற்றுகிறவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: அந்தக் கலைஞர் உழைத்த நேரத்தை இருவருமே எழுதுவதில்லை. ஒரு பாடல் உருவான இரவை நூலாசிரியர் எப்படி எழுதுகிறார் என்று பார்த்தால் போதும், மற்றப் பக்கங்களை எவ்வளவு நம்பலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

1981இல் வெளிவந்த ஆல்பர்ட் கோல்ட்மனின் 'எல்விஸ்' இதற்குச் சரியான சான்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் கோல்ட்மன்; நேர்காணல்களைக் குவித்தவர்; உழைப்புக்கு அஞ்சாதவர். ஆனால் எல்விஸின் இசை மீது அவருக்கு மதிப்பே இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையர்கள் மீது வெளிப்படையான இகழ்ச்சி இருந்தது. இகழ்ச்சி ஆதாரத்தையும் வளைத்துவிடும். எல்விஸின் முதல் பாடல்களைப் பதிவுசெய்த சன் இசைத்தட்டு நிறுவனத்தின் சாம் ஃபிலிப்ஸ், கறுப்பின இசையின் ஒலியும் உணர்வும் கொண்ட ஒரு வெள்ளைப் பாடகன் கிடைத்தால் பெரும்பணம் ஈட்டலாம் என்று சொல்லிவந்ததாக, அவருடைய உதவியாளர் மேரியன் கைஸ்கர் நினைவுகூர்ந்ததை ஜெர்ரி ஹாப்கின்ஸ் 1971ஆம் ஆண்டு நூலில் பதிவுசெய்திருந்தார். கோல்ட்மன் நூலில் அதே கூற்று கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லோடு வருகிறது. விமர்சகர் கிரீல் மார்கஸ் இதைக் கைஸ்கரிடமே விசாரித்தார். ஃபிலிப்ஸ் அப்படிப் பேசவே இல்லை என்று அவர் மறுத்தார். ஒரு சொல்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ராக் இசை பிறந்த அறையில் கறுப்பின இசையை மதித்தார்களா, வெறுமனே களவாடினார்களா என்ற பெரிய கேள்விக்கான விடையே அந்த ஒரு சொல்லால் மாறுகிறது.

எல்விஸ் பற்றிப் பீட்டர் குரால்னிக் எழுதிய இரு தொகுதிகள், 1994இன் 'லாஸ்ட் ட்ரெயின் டு மெம்ஃபிஸ்', 1999இன் 'கேர்லெஸ் லவ்', அந்த அறைக்குள் நம்மைக் கூட்டிச் செல்கின்றன. 1954 ஜூலை 5. பத்தொன்பது வயது எல்விஸ், கிட்டார் வாசிக்கும் ஸ்காட்டி மூர், பேஸ் வாசிக்கும் பில் பிளாக். மெதுவான காதல் பாட்டுகளைத் திரும்பத் திரும்ப முயல்கிறார்கள், எதுவும் அமையவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாகக் கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஆர்தர் குருடப்பின் 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைத் துள்ளலோடு பாடத் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபிலிப்ஸ் எட்டிப் பார்க்கிறார். இந்த இரவை விதி என்று குரால்னிக் எழுதவில்லை. ஒரு கூச்ச சுபாவப் பையனின் பதற்றம், மூவரின் களைப்பு, கேட்கத் தெரிந்த ஒருவரின் காது என்று எழுதுகிறார். 1956 ஜூலையில் நியூயார்க்கில் 'ஹவுண்ட் டாக்' பதிவானபோது எல்விஸ் முப்பது முறைக்கு மேல் பாடினார். மற்றவர்கள் போதும் என்றாலும் விடாமல், பதிவுகளைக் கேட்டுப் பார்த்து வேண்டியதைத் தானே தேர்ந்தார். மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் ஆட்டுவித்த பொம்மை என்று அவரைச் சொல்வோருக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது.

அன்பு கண்ணை மறைக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 'கேர்லெஸ் லவ்' 1958இலிருந்து இறப்பு வரை, மாத்திரைகளையும் சரிவையும் மழுப்பாமல் சொல்கிறது. மெய்க்காவலர்கள் சொன்னதைவிட அது அதிகம் வலிக்கிறது. வீணாகிப்போனது எது என்பது நமக்கு முன்பே தெரிந்துவிட்டதல்லவா? இசையின் நுட்பம் பொது வாசகருக்கு எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. குரால்னிக்கைப் படிக்க ஸ்வரக் குறிப்பு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பீட்டில்ஸ் பற்றிய நூல்களும் இதையே காட்டுகின்றன. ஹன்டர் டேவிஸ் 1968இல் அனுமதி பெற்று எழுதியதை, உண்மையான பகுதிகள் நீக்கப்பட்ட நூல் என்று அக்குழுவின் ஜான் லெனனே பின்னர் சாடினார். ஃபிலிப் நார்மனின் 'ஷவுட்!' (1981) லெனனை உயர்த்துவதற்காக அவருடைய குழுத்தோழர் பால் மெக்கார்ட்னியைக் குறைத்தது. பின்னர் அதற்கு ஈடுசெய்வதுபோல் நார்மனே 2016இல் மெக்கார்ட்னியின் வரலாற்றை எழுதினார். மார்க் லூயிசன் வேறு வழியில் வந்தவர். இஎம்ஐ நிறுவனத்தின் ஒலிநாடாக்களைக் கேட்டு 1988இல் ஒலிப்பதிவு நாட்குறிப்பை வெளியிட்ட பிறகே வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கினார். 2013இல் வந்த முதல் தொகுதி 1962 முடிவோடு நின்றுவிடுகிறது. புகழ் வருவதற்கு முன்பே! ஹாம்பர்க் கேளிக்கை விடுதிகளில் இரவிரவாக வாசித்துக் கைவந்த தொழிலை இவ்வளவு விரிவாக வேறு யாரும் எழுதவில்லை.

ஆவணமே இல்லாத கலைஞரை என்ன செய்வது? 1938இல் 27 வயதில் இறந்த கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனைச் சுற்றி, நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றார் என்ற கதைதான் நெடுங்காலம் நின்றது. 'எஸ்கேப்பிங் த டெல்டா' (2004) நூலில் இலைஜா வால்ட் அவர் பதிவுசெய்த 29 பாடல்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, லெராய் கார், கோகோமோ ஆர்னால்ட் போன்றோரின் இசைத்தட்டுகளிலிருந்து அவர் எதைக் கற்றார், எதை மாற்றினார் என்று காட்டினார். சாத்தான் போய், கூர்ந்து கேட்கும் ஒரு தொழில்முறைக் கலைஞர் வந்தார். கறுப்பினக் கலைஞர்களுக்கு இந்தப் பரிவான கவனம் தாமதமாகவும் குறைவாகவுமே கிடைத்திருக்கிறது. குரால்னிக்கும்கூட எல்விஸுக்குப் பிறகே, 2005இல், கறுப்பினப் பாடகர் சாம் குக்கின் வரலாற்றைப் பெருநூலாக எழுதினார். 1954இன் அந்த இரவில் எல்விஸ் பாடிய பாட்டை 1946இலேயே பதிவுசெய்தவர் ஆர்தர் குருடப். அதற்குரிய உரிமத்தொகைக்காக நெடுங்காலம் போராடிய அவர், அதன் பெரும்பகுதி கைக்கு வராமலே 1974இல் இறந்தார்.