கம்பி வழி வந்த பிரதி: பழைய கணினியும் எழுத்துருவின் அரசியலும்

'எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாப் போச்சு' என்கிற பேச்சு நம் சிறுபத்திரிகைக் கூட்டங்களில் அடிக்கடி விழுகிறது. ஏற்கெனவே கணினிக்குள் இருப்பதை இன்னொரு கணினிக்கு ஏற்றுவதே எவ்வளவு பெரிய பாடு என்பதை உசிலம்பட்டியில் நாலு நாள் மல்லுக்கட்டியபின் எழுதுகிறேன்.

விண்டோஸ் 98 ஓடும் கணினி அது. ஒரு டி.டி.பி. சென்டரில் இருந்து, கடை மூடியபின் நண்பர் வீட்டுப் பரணில் கிடந்தது. உள்ளே ஒரு பேஜ்மேக்கர் கோப்பு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் செத்ததைப் பற்றி வயசாளிகள் சொல்லக் கேட்டு எழுதிய கதையாடல்கள். சொன்னவர்கள் ஒருவரும் இன்றில்லை. கையெழுத்துப் பிரதி கரையானுக்குப் போயாச்சு.

ஃப்ளாப்பி டிரைவ் செத்துவிட்டதால் வீட்டு இணைய ரௌட்டர்தான் வழி. வைஃபை அதற்குத் தெரியாது. ஆனால் பின்னால் ஒரு பழைய நெட்வொர்க் கார்டு இருந்தது. கம்பியைச் சொருகியதும் விளக்கு எரிந்தது. 10 மெகாபிட் கார்டும் இன்றைய ரௌட்டரும் வேகத்தைத் தாங்களே பேசி முடித்துக்கொள்கின்றன. அடித்தளத்தில் பழசை யாரும் விரட்டுவதில்லை. விரட்டல் மேலே தொடங்குகிறது. பழைய கணினிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு முறையை, வன்னாக்ரை தாக்குதல் நடந்த 2017ஆம் ஆண்டிலேயே விண்டோஸ் 10 தன் இயல்பான நிறுவலிலிருந்து எடுத்துவிட்டது. இன்றைய குறியாக்கம் தெரியாததால் இணையதளங்களும் அதற்குத் திறப்பதில்லை. பாதுகாப்புக் காரணம் நியாயமானதுதான்; இங்கே ஃபூக்கோவை இழுக்க வேண்டியதில்லை. வெளி இணையத்தை அதற்கு மட்டும் அடைத்துவிட்டு, என் லினக்ஸ் மடிக்கணினிக்கு எஃப்.டி.பி. வழியாக அனுப்பினோம். முதல் தடவை கோப்பு சிதைந்து வந்தது. 'இது வெறும் எழுத்து' என்று தானாக எடுத்துக்கொண்டு வரிமுடிவு பைட்டுகளைத் திருத்தியிருக்கிறது. 'பைனரி' என்று சொன்னபின்தான் உள்ளது உள்ளபடி வந்தது.

திறந்தால் ஒரு எழுத்து தமிழில்லை. தலையில் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளின் வரிசை. அந்தக் கால எழுத்துருக்கள் லத்தீன் எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியவை. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே மூன்று பைட்டு. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. எந்த எண்ணில் எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். நமக்கு வேண்டிய எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. டிஸ்கி, டாப் எதற்கும் அது பொருந்தவும் இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, டாம், டாப் தரப்பாடுகள், 2010இல் யூனிகோடை ஏற்ற அரசாணை: இதைக் குழப்பத்திலிருந்து ஒழுங்குக்கு வந்த கதையாகவே நாம் சொல்லிவருகிறோம். யூனிகோடை நான் எதிர்க்கவில்லை. இந்தக் கட்டுரையே அதில்தான் அடிக்கப்படுகிறது. ஆனால் 'குழப்பம்' என்று ஒதுக்கப்பட்டதற்குள் உசிலம்பட்டி மாதிரி ஊர்களின் கடைகளில் கோத்த பிரதிகள் கிடக்கின்றன. தரப்பாட்டின் வரலாறு அவற்றை வெளியே நிறுத்தித்தான் தன் கதையைச் சொல்கிறது.

அந்தக் கடையில் டைப் செய்த அக்காவைத் தேடிப் போனோம். இப்போது தையல் கடை வைத்திருக்கிறார். "எழுத்து ஞாபகமில்ல தம்பி, கை போற எடந்தான் ஞாபகம்" என்றார். விசைப்பலகையைக் கொடுத்து, "பெருங்காமநல்லூர்னு அடிங்கக்கா" என்றோம். 'லூ'வுக்கு ஆல்ட்டை அமுக்கி நாலு எண் தட்டினார், யோசிக்காமல். ஒரு சாயங்காலம் முழுக்க அவர் அடிக்க அடிக்க பைட்டுக்கு வடிவம் எழுதிக்கொண்டோம். நூலின் உரிமைப் பக்கத்தில் இவர் பெயர் எங்கே வரும்? ஆசிரியர், தொகுப்பாளர், பதிப்பாளர் என்ற நம் சட்டகத்துக்குள் இந்த உழைப்புக்கு ஒரு சொல்கூட இல்லை.

மூன்று வடிவங்கள் மட்டும் அவர் கைக்கு வரவில்லை. மாற்றிய பிரதியில் அந்த இடங்களை வெற்றுக் கட்டமாகவே விட்டிருக்கிறோம். "ஊகிச்சுப் போட்டுரலாம்யா, யாருக்குத் தெரியப்போகுது" என்கிறார் நண்பர். பெரும்பாலான இடங்களில் போட்டுவிடலாம்தான். ஒரு கட்டம், கதை சொன்ன ஒரு கிழவியின் பெயருக்கு நடுவில் நிற்கிறது.