மிச்சம் யார் கணக்கில்?

1729இல் டப்ளினில் வெளியான ஒரு சிறு பிரசுரத்தில் இப்படி ஒரு கணக்கு வருகிறது. அயர்லாந்தில் ஆண்டுதோறும் 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன. இனவிருத்திக்கென்று 20,000 பேரை ஒதுக்கிவிட்டால் மீதி ஒரு லட்சம். ஒரு குழந்தையை ஒரு வயதுவரை வளர்க்கத் தாய்க்கு ஆகும் செலவு, கந்தல் துணியையும் சேர்த்து, 2 ஷில்லிங். அந்த வயதில் இறைச்சிக்கு விற்றால் 10 ஷில்லிங் கிடைக்கும். தாய்க்கு நிகர லாபம் 8 ஷில்லிங். அதற்கு மேல் இந்தக் குழந்தைகளைப் பராமரிக்கும் செலவு இல்லாமற்போவதால் நாட்டுக்கு ஆண்டுக்கு 50,000 பவுன் ஆதாயம். கூட்டலிலும் கழித்தலிலும் பிழை கிடையாது. ஜோனதன் ஸ்விஃப்ட்டின் ‘ஓர் எளிய யோசனை’யைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நரமாமிசத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த இறைச்சியைவிடப் பேரேடுதான் பயங்கரமாகப் படுகிறது.

அரசின் செலவைக் குறைக்கவும் அரசு செய்யும் வேலையைத் தனியாரிடம் தள்ளிவிடவும் பகடியாகச் சொல்லப்படும் யோசனைகள் ஒரு தனி எழுத்து வகையாகத் திரண்டதற்கு இந்தப் பிரசுரமே முன்மாதிரி. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. இந்த வகை முழுக்கவும் பழிகரப்பின் பக்கம். பேசுகிறவர் பண்பானவர், நாட்டு நலனில் அக்கறை உள்ளவர், புள்ளிவிவரத்தை விரல்நுனியில் வைத்திருப்பவர். அவர் ஒரு கெட்ட சொல்லும் சொல்வதில்லை.

இந்தக் குரலை ஸ்விஃப்ட் ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையில் வில்லியம் பெட்டி என்பவர் அயர்லாந்தை அளந்தார். நிலத்தை அளந்த கையோடு மனிதர்களுக்கும் பவுனில் விலை போட்டார். 1687இல் அவர் எழுதிய ஓர் ஆவணம், அயர்லாந்து மக்களில் சுமார் பத்து லட்சம் பேரை இங்கிலாந்துக்குப் பெயர்த்துவிட்டு, மாடு மேய்க்க மூன்று லட்சம் பேரை மட்டும் அங்கே விட்டுவைக்கலாம் என்கிறது. நாடு முழுவதும் ஒரு மாட்டுப்பண்ணை! ஸ்விஃப்ட் அதைப் படித்திருக்க வழியில்லை, 1899வரை அது அச்சேறவே இல்லை. ஆனால் அந்தத் தோரணை காற்றில் இருந்தது. அதைப் பிடிக்க ஸ்விஃப்ட்டுக்கு ஒரு காது போதுமானதாக இருந்தது.

அவருடைய பிரசுரத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஊரில் இல்லாமல் குத்தகை மட்டும் வாங்கும் நிலக்கிழார்களுக்கு வரி போடலாம், உள்நாட்டில் நெய்த துணியையே உடுத்தலாம், நிலக்கிழார்கள் குடியானவர்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டலாம் - இந்த மாதிரி யோசனைகளை எல்லாம் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று அந்தக் கனவான் கைகாட்டித் தள்ளுகிறார். தள்ளப்பட்டவை எல்லாம் ஸ்விஃப்ட் மெய்யாகவே வற்புறுத்தி வந்தவை. உள்நாட்டுத் துணி பற்றி 1720இல் அவர் எழுதிய பிரசுரத்துக்காக அச்சிட்டவர்மீது வழக்குப் போட்டார்கள். நேராகச் சொல்லிப் பார்த்து, நடக்காமல், பிறகுதான் மனிதர் பேரேட்டை எடுத்தார். பின்னால் வந்தவர்களில் பலர் அவருடைய கொடூரத்தைக் கடன் வாங்கினார்கள், பட்டியலை விட்டுவிட்டார்கள். அதனால்தான் அவர்கள் எழுதியது வெறும் கோரமாக நிற்கிறது. யாருடைய செலவு குறைகிறது, மிச்சம் எவர் பையில் விழுகிறது என்ற கேள்வி அந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கிறது.

பகடி என்று நினைத்துப் படிக்கத் தொடங்கி, எழுதியவர் மனமாரத்தான் சொல்கிறார் என்று பாதியில் தெரிந்து திடுக்கிட வைக்கும் எழுத்தும் இந்தத் துறையில் உண்டு. அதில் தலைசிறந்தது ஜெரமி பெந்தாமின் வறியோர் மேலாண்மைத் திட்டம். ஆர்தர் யங் நடத்திய வேளாண்மை இதழில் 1797-98இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஏழைகளை ஊர் ஊராகப் பராமரிப்பது வீண்செலவு, எல்லோரையும் ஒரே கூட்டுப்பங்கு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம். ஏறக்குறைய சம தூரத்தில் 250 தொழில் இல்லங்கள், இல்லத்துக்கு 2,000 பேர், ஆக ஐந்து லட்சம் பேர். குழந்தைகளை நான்கு வயதிலேயே வேலைக்குப் பழக்கலாம். இதற்கெல்லாம் முன்மாதிரியாக அவர் காட்டியது கிழக்கிந்தியக் கம்பெனியை. அந்த 1798இல்தான் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் கிஸ்தி பாக்கிக்காகக் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். ஓர் அரசாங்கத்தையே பங்குதாரர்களிடம் விட்டுப் பார்த்த மிகப் பெரிய பரிசோதனை நம் ஊரில் நடந்துகொண்டிருந்தது. லண்டனில் உட்கார்ந்திருந்த தத்துவவாதிக்கு அது வெற்றிகரமான உதாரணமாகத் தெரிந்திருக்கிறது.

பெந்தாமின் சிறைச்சாலைத் திட்டமும் இதே குடும்பம்தான். நடுக்கோபுரத்திலிருந்து எல்லாக் கைதிகளையும் பார்க்கும் வட்டக் கட்டடம் என்ற அளவில் அது எல்லோருக்கும் தெரியும். அதை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்த அவரே முன்வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கைதிகளின் உழைப்பில் வரும் லாபம் ஒப்பந்ததாரருக்கு. ஆனால் சராசரிக்கு மேல் கைதிகள் செத்தால் அவர் அபராதம் கட்டவேண்டும் என்றும் எழுதிவைத்தார். இன்றைய தனியார் சிறை ஒப்பந்தங்களில் இந்த ஷரத்தைச் சேர்க்கலாம். 1794இல் நாடாளுமன்றம் சட்டம்கூட இயற்றியது. சிறை கட்டப்படவில்லை. 1813இல் அவருக்கு 23,000 பவுன் இழப்பீடு கிடைத்தது. கட்டாத சிறையில் ஒப்பந்ததாரர் பார்த்த வருமானம் அது.

இந்த வகை எழுத்து இடதுசாரிகளின் சொத்து என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியல்ல. பிரெஞ்சுக்காரரான பாஸ்தியா அரசின் கையைக் கட்டவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர். 1845இல் அவர் எழுதிய மெழுகுவத்தி வியாபாரிகளின் விண்ணப்பம், சூரியன் என்ற வெளிநாட்டுப் போட்டியாளர் வெளிச்சத்தை இலவசமாகக் கொட்டி எங்கள் தொழிலைக் கெடுக்கிறார், சன்னல்களை எல்லாம் அடைக்கச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று சட்டமன்றத்தைக் கெஞ்சுகிறது. பாரிசிலிருந்து ஸ்பெயினுக்குப் போகும் ரயில்பாதையை போர்தோவில் துண்டித்தால் அங்கே கூலிக்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் வருமானம் வரும் என்று ஒருவர் நிஜமாகவே வாதாடியபோது, அப்படியானால் ஒவ்வோர் ஊரிலும் துண்டித்துவிடுவோமே, பாதையே இல்லாத ரயில்பாதை கிடைக்குமே என்றார். ஸ்விஃப்ட்டும் பாஸ்தியாவும் அரசியலில் எதிரெதிர்த் திசை. கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாட்டுக்கு லாபம் என்று சொல்கிறாயே, அந்த நாடு யார்?

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சாதுவான ரகம். 1784இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், பாரிஸ்வாசிகள் விடிந்ததும் எழுந்தால் மெழுகுவத்திச் செலவில் 9,60,75,000 லிவர் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டினார். அதற்காகச் சன்னல் கதவுக்கு வரி, விடிகாலையில் தேவாலய மணி, அதற்கும் எழாதவர்களுக்குத் தெருத்தெருவாகப் பீரங்கி வெடி. 1916இல் ஜெர்மனி போர்க்கால எரிபொருள் சிக்கனத்துக்காகக் கடிகாரத்தை மெய்யாகவே ஒரு மணிநேரம் முன்னே தள்ளிவைத்தது. பீரங்கி மட்டும் வேறு வேலையாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பகடியின் இலக்கு அரசு அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த நார்த்கோட் பார்க்கின்சன் 1955 நவம்பரில் லண்டன் ‘எகனாமிஸ்ட்’ இதழில் ஒரு விதியை அறிவித்தார்: வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊழியர் எண்ணிக்கை பெருகும். பிரிட்டிஷ் கடற்படையில் 1914இல் 62 பெரும் போர்க்கப்பல்கள், 1928இல் 20. அதே காலத்தில் தலைமையகத்தின் அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகிவிட்டார்கள். காலனிகளை இழந்துகொண்டிருந்த காலத்தில் காலனி அலுவலகம் 372 பேரிலிருந்து 1,661 பேராக வளர்ந்தது. ஒரு கோடி பவுன் அணு உலையை இரண்டரை நிமிடத்தில் அனுமதித்துவிட்டு 350 பவுன் சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணிநேரம் சண்டைபோடும் கமிட்டியும் அவர் கண்டுபிடித்ததுதான். நம் ஊர்ப் பேரூராட்சிக் கூட்டத்தில் ஒரு முறை உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1980களில் பிபிசியின் ‘யெஸ் மினிஸ்டர்’ இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. நோயாளி ஒருவர்கூட இல்லாமல் 500 நிர்வாக ஊழியர்களோடு இயங்கும் மருத்துவமனையை அதில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தொடரை எழுதிய இருவரில் ஆண்டனி ஜே வலதுசாரிச் சிந்தனைப் பக்கம் நின்றவர். தொடரின் பெரும் ரசிகை பிரதமர் மார்கரெட் தாட்சர். 1984 ஜனவரியில் ஒரு விருது விழாவில் அந்த நடிகர்களோடு அவரே ஒரு குறுநாடகத்தில் நடித்தார். பொருளாதார நிபுணர்கள் எல்லோரையும் ஒழித்துவிடுங்கள் என்று பிரதமர் உத்தரவிடுவதுதான் கதை. நகைச்சுவை சுமார்தான். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் டெலிகாமின் பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் விற்பனைக்கு வந்தன. பகடி செய்யப்பட வேண்டியவரே மேடையேறிச் சிரிக்கவைத்துவிட்டுப் போன அந்த நாளில் இந்த எழுத்து வகை கொஞ்சம் பல்லை இழந்தது என்று நான் நினைக்கிறேன்.

தமிழில் இதற்கு நெருக்கமாக வருவது சோவின் ‘முகமது பின் துக்ளக்’. 1968இல் நாடகம், 1971இல் திரைப்படம். கட்சி மாறியவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி, லஞ்சத்துக்குச் சட்ட அங்கீகாரம் என்று ஒரு போலி சுல்தான் ஆட்சி நடத்துகிறான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. 2011இல் மத்திய நிதியமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு ஒரு கட்டுரை வெளியிட்டார். தனக்கு உரியதைப் பெறவே லஞ்சம் தரவேண்டியிருக்கும் குடிமகன் அதைக் கொடுப்பதைக் குற்றமல்ல என்று ஆக்கிவிட்டால், அவனே வாங்கியவனைக் காட்டிக்கொடுப்பான் என்பது வாதம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, கோபித்தார்கள். பாசுவின் தர்க்கம் அவ்வளவு அபத்தமானதும் அல்ல. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே யோசனை நாடகமாகவும் கொள்கையாகவும் ஆகிவிடுகிறது.

அதைச் சோதித்துப் பார்க்கவே ‘யெஸ் மென்’ என்ற அமெரிக்க ஜோடி கிளம்பியது. உலக வர்த்தக அமைப்பின் பெயரில் ஒரு போலி இணையதளம் நடத்தினார்கள். அதை அசல் என்று நம்பிக் கருத்தரங்குகளுக்கு அழைப்பு வந்தது. 2000இல் சால்ஸ்பர்க்கில் வர்த்தக வழக்கறிஞர்கள்முன், தேர்தல் என்பது திறமையற்ற ஏற்பாடு, வாக்குகளை நேரடியாக ஏலம் விட்டுவிடலாம் என்று பேசினார்கள். 2001இல் பின்லாந்தின் தாம்பரேயில் ஜவுளித் துறையினர்முன், அமெரிக்க உள்நாட்டுப் போரே வீண்செலவு, அடிமையைச் சொந்தமாக வைத்துச் சோறு போடுவதைவிடத் தூரதேசத்துத் தொழிலாளிக்குக் கூலி கொடுப்பது மலிவு என்பதால் சந்தையே அடிமைமுறையை ஒழித்திருக்கும் என்று கணக்குக் காட்டினார்கள். கடைசியில் பேச்சாளர் தங்கநிற உடுப்போடு கோமாளித்தனம் செய்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத சேர்க்கையாகத் தெரிகிறது. கணக்கு முடிந்த இடத்திலேயே பகடியும் முடிந்துவிட்டது. சபை கைதட்டியது.

இப்போது தலைவர்களுக்கே வேடம் பிடித்துப்போய்விட்டது. ஹாவியர் மிலே 2023இல் மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு அர்ஜென்டினாவில் வாக்குக் கேட்டார், வென்றார், 18 அமைச்சகங்களை 9 ஆக்கினார். பணவீக்கம் இறங்கியது உண்மை. 2024இன் முதல் பாதியில் வறுமை 52.9 சதவீதத்துக்கு ஏறி, அடுத்த பாதியில் 38.1க்கு இறங்கியதும் உண்மை. அப்படி ஒரு ரம்பத்தை அவர் 2025 பிப்ரவரியில் எலான் மஸ்க்குக்கு மேடையில் பரிசளித்தார். மஸ்க் அப்போது அமெரிக்க அரசில் நடத்திய சிக்கனத் துறைக்கே இணைய வேடிக்கைப் படத்து நாய் ஒன்றின் பெயர்தான். முதலில் சொன்ன மிச்சம் 2,00,000 கோடி டாலர். ஏப்ரலில் அது 15,000 கோடியாகச் சுருங்கியது. இவர்களைப் பகடி செய்ய உட்காருகிறவனுக்கு என்ன மிச்சம்? மிகைப்படுத்த இடமே இல்லை.

ஆகவே ஒப்பந்தப் பத்திரங்களைப் படிக்கலாம். மாக்ஸ் பாரியின் 2003ஆம் ஆண்டு நாவல் ஒன்றில், கொலையை விசாரிக்கும் செலவைச் செத்தவரின் குடும்பம் தரவேண்டும். 2010இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நிஜமாகவே ஒரு வீடு எரிந்தது. வந்த தீயணைப்புப் படை ஆண்டுக் கட்டணமான 75 டாலர் கட்டிய பக்கத்து இடத்தைக் காப்பாற்றிவிட்டு, கட்டாத வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. நம் நாட்டில், 1998இல் இன்றைய சத்தீஸ்கரின் சிவநாத் நதியில் சுமார் 23 கிலோமீட்டர் நீளம் 22 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. மீனவர்கள் வலைவீசத் தடை. குறிப்பிட்ட அளவு தண்ணீருக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அரசு நிறுவனம் பணம் கட்டியாக வேண்டும் என்பது ஷரத்து. மெழுகுவத்திக்காரர்களுக்காக விண்ணப்பம் எழுதிய பாஸ்தியாவுக்குக்கூட இது தோன்றவில்லை.

சிகாகோ இன்னும் நேர்த்தி. 2008 டிசம்பரில் நகராட்சி சுமார் 36,000 வாகன நிறுத்தக் கட்டணக் கருவிகளின் வருமானத்தை 75 ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்துக்கு 115 கோடி டாலருக்கு விட்டது. மன்றத்துக்கு யோசிக்கச் சில நாட்கள், வாக்கெடுப்பு 40க்கு 5. இன்னும் 97.4 கோடி பெறுமானம் இருந்தது என்று நகரின் தலைமைத் தணிக்கையாளர் மறு ஆண்டே அறிக்கை தந்தார். வந்த பணத்தின் பெரும்பகுதி பட்ஜெட் ஓட்டையை அடைக்கச் சில ஆண்டுகளிலேயே தீர்ந்தது. தெருவில் திருவிழா வந்தாலோ பள்ளம் தோண்டினாலோ, நின்றுபோகும் கட்டணத்தை நகராட்சி நிறுவனத்துக்கு ஈடுகட்டுகிறது. முதலீட்டாளர்கள் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தாயிற்று. ஒப்பந்தம் 2083வரை இருக்கிறது.